நேரடி இயக்க இசைத்தட்டுச் சுழலி

நேரடி இயக்க இசைத்தட்டுச் சுழலி என்பது, பட்டையோ இடைச்சக்கரமோ இன்றி, மின்னோடியின் அச்சே சுழல்தட்டின் அச்சாகவும் அமைந்து இசைத்தட்டைச் சுழற்றும் ஒலிமீட்புக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் எனப்படுகிறது. இவ்வகைக் கருவி 1970 இல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. தேயும் உறுப்புகள் குறைவு என்பதால், நாற்பது ஐம்பது ஆண்டுகள் பழமையான சுழலிகளும் இன்றும் இயங்குகின்றன. எனவே இவை பயன்படுத்திய நிலையில் பெரிதும் வாங்கப்படுகின்றன.

சுழலி நன்றாகச் சுழல்வது மட்டும் போதாது. தேய்ந்த ஊசியோ தவறான ஊசி அழுத்தமோ தட்டின் பள்ளத்தை நிலையாகக் கெடுத்துவிடும். அவ்வாறு கெட்டதைப் பின்னர் சரிசெய்ய முடியாது. ஆகவே பழைய சுழலி ஒன்றைப் பெறுபவர் முதலில் அதனை ஆய்ந்து, முறையாக அமைத்து, அதன் பின்னரே மேம்படுத்த வேண்டும். இக்கட்டுரையில் இப்பணிகள் தமிழகக் கடலோர நிலைமைகளை, குறிப்பாகப் புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்தின் நிலைமைகளை, எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கப்படுகின்றன.

வரலாறு

தொடக்க காலச் சுழலிகளில் மின்னோடி வேகமாகச் சுழல, இரப்பர் விளிம்புடைய இடைச்சக்கரம் ஒன்று அச்சுழற்சியைச் சுழல்தட்டுக்குக் கடத்தியது. பின்னர் இரப்பர் பட்டை கொண்டு இயக்கும் முறை பரவியது. இரண்டிலும் இரப்பர் காலப்போக்கில் இறுகியோ தளர்ந்தோ வேகம் மாறுபடும். இதற்கு மாற்றாக, ஜப்பானின் மட்சுசிட்டா மின்னியல் நிறுவனத்தில் (2008 முதல் பானசோனிக்) பொறியாளர் சுயிச்சி ஒபாட்டா, மிகக் குறைந்த வேகத்திலும் சீராகச் சுழலும் மின்னோடியை உருவாக்கினார். அதனைக் கொண்ட எஸ்பி-10 என்னும் சுழலி 1970 இல் டெக்னிக்ஸ் என்ற வணிகப் பெயரில் வெளிவந்தது.

1972 இல் எஸ்எல்-1200 வெளிவந்தது. அதன் திருத்திய வடிவமான எஸ்எல்-1200எம்கே2 1979 இல் வந்தது. குவார்ட்ஸ் படிகத்தால் கட்டுப்படுத்தப்படும் வேகமும், வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவோ குறைக்கவோ உதவும் நகர்த்தியும் இதன் சிறப்புகளாகும். நடன அரங்குகளில் இசைத்தட்டுகளை இணைத்து ஒலிக்கச் செய்பவர்களிடம் இது பெரும் செல்வாக்குப் பெற்றது. இத்தொடரின் உற்பத்தி 2010 இல் நிறுத்தப்பட்டு, புதிய மின்னோடியுடன் 2016 இல் மீண்டும் தொடங்கப்பட்டது. ஜெர்மனியின் டூயல், ஜப்பானின் டெனான், சோனி, பயனியர் முதலிய நிறுவனங்களும் நேரடி இயக்கச் சுழலிகளை உற்பத்தி செய்துள்ளன.

இயங்கும் விதம்

நெடுநேரத் தட்டு (எல்.பி.) நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது. அதாவது ஒரு நொடியில் ஒரு சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகப் பாதியே சுழல்கிறது. நேரடி இயக்கத்தில் மின்னோடியும் இதே வேகத்தில் சுழல்வதால், அதன் அதிர்வுகளில் பெரும்பகுதி மனிதச் செவிக்கு எட்டாத தாழ் அதிர்வெண்களில் அமைகிறது. எஸ்எல்-1200எம்கே2 போன்ற கருவிகளில் சுழல்தட்டின் அடியில் பொருத்தப்பட்ட வளையக் காந்தமே மின்னோடியின் சுழலும் பகுதி ஆகும். அதனைச் சுழற்றும் கம்பிச் சுருள்கள் கீழே அசையாமல் உள்ளன. மின்னணுச் சுற்று ஒன்று வேகத்தை இடைவிடாது அளந்து திருத்துகிறது.

குவார்ட்ஸ் படிகம் இல்லாத தொடக்கக் காலக் கருவிகளிலும் இத்திருத்தம் உண்டு. ஆனால் அவற்றில் வேகம் சிறிய மாறுதடையங்களால் குறிக்கப்படுகிறது. அவை அழுக்கடையும்போது வேகம் நிலையற்றதாகும். மின்னோடியின் கம்பிச் சுருள்களைக் கடக்கும்போது சிறு துடிப்பு எழுகிறது என்பது இம்முறையின் மீது கூறப்படும் குறை. கனமான சுழல்தட்டும், பிற்காலத்தில் வந்த இரும்பு உள்ளகம் இல்லாத மின்னோடிகளும் இதனைக் குறைக்கின்றன.

மின்வழங்கல்

கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரி நகருக்கு வடக்கே அமைந்த ஊராகும். இவ்வூரைச் சேர்ந்தோர் பலர் பிரான்சிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ்கின்றனர். இத்தகைய ஊருக்கு வெளிநாட்டுச் சுழலி வந்து சேரும்போது, அது எந்த நாட்டு மின்சாரத்துக்கு உரியது என்பதே முதல் கேள்வியாகும்.

இந்தியாவின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஏர்ட்சு. பிரான்சிலும் இதே அளவுதான். மின்செருகி மட்டுமே வேறுபடும். ஜப்பானில் 100 வோல்ட். சவூதி அரேபியாவில் அதிர்வெண் 60 ஏர்ட்சு. அங்கு முன்னர் வீடுகளில் 127 வோல்ட் பரவலாக இருந்தது. 100 வோல்ட்டுக்கு உரிய கருவியை இங்கு நேரடியாக இணைத்தால் அதன் மின்மாற்றி எரிந்துபோகும். அதற்குத் தகுந்த இறக்கு மின்மாற்றி தேவை. ஏற்றுமதிக்கென உருவாக்கப்பட்ட சில கருவிகளில் சுழல்தட்டின் அடியில் மின்னழுத்தத் தெரிவி உண்டு. மின்செருகியைக் கழற்றிய பின்னரே சுழல்தட்டைத் தூக்கி இதனைப் பார்க்க வேண்டும்.

அதிர்வெண்ணைப் பொறுத்தவரை நேரடி இயக்கச் சுழலிக்கு ஒரு நன்மை உண்டு. இடைச்சக்கரச் சுழலிகளிலும் பழைய பட்டைச் சுழலிகள் பலவற்றிலும் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சார்ந்தது. 60 ஏர்ட்சுக்கு உரிய அத்தகைய கருவி இங்கு 33⅓ க்குப் பதிலாக ஏறத்தாழ 27.8 சுற்றுகளே சுழலும். பாட்டின் சுருதி மூன்று அரைச்சுரங்களுக்கு மேல் இறங்கிவிடும். குவார்ட்ஸ் கட்டுப்பாடுடைய நேரடி இயக்கச் சுழலிக்கு மின்னழுத்தம் சரியாக இருந்தாலே போதும்.

பயன்படுத்திய கருவியை ஆய்தல்

வாங்குவதற்கு முன் பின்வருவன பார்க்கப்பட வேண்டும்.

சுழல்தட்டு: கையால் மெல்லச் சுற்றும்போது உரசலோ தடையோ இருத்தல் கூடாது. மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ ஆட்டம் இருப்பின் அச்சுத்தாங்கி தேய்ந்திருக்கலாம்.

வேகம்: சுழல்தட்டின் விளிம்பில் உள்ள புள்ளிகள் விளக்கொளியில் அசையாமல் நிற்பதுபோல் தோன்ற வேண்டும். வீட்டு மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கைக் கொண்ட கருவிகளில் 50 ஏர்ட்சுக்கும் 60 ஏர்ட்சுக்கும் தனித்தனிப் புள்ளி வரிசைகள் உண்டு. 33⅓ வேகத்துக்கு 50 ஏர்ட்சு வரிசையில் 180 புள்ளிகளும், 60 ஏர்ட்சு வரிசையில் 216 புள்ளிகளும் இருக்கும். இந்தியாவில் முன்னதையே பார்க்க வேண்டும். எஸ்எல்-1200எம்கே2 வகையில் விளக்கே குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் இயங்குவதால் இவ்வேறுபாடு இல்லை. மின்தடையின்போது இன்வெர்ட்டரில் ஓடும் வேளையில் நியான் விளக்கை நம்பி வேகத்தைத் திருத்துதல் கூடாது; இன்வெர்ட்டரின் அதிர்வெண் துல்லியமாக 50 ஆக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

ஊசிக்கை: டோன் ஆர்ம் எனப்படும் ஊசிக்கை இருபுறமும் தடையின்றி அசைய வேண்டும். விரலால் பிடித்து மெல்ல அசைக்கும்போது அதன் மூட்டில் தளர்ச்சி தெரிதல் கூடாது. சுழலி ஒன்றில் மாற்றுவதற்கு மிகவும் கடினமான பகுதி இதுவே.

ஊசி: பழைய ஊசி எவ்வளவு நேரம் ஓடியது என்பதை விற்பவரும் அறியார். வைர ஊசியின் ஆயுள் பொதுவாக 500 முதல் 1000 மணி நேரம். பழைய எளிய சுழலிகளில் இருந்த நீலக்கல் ஊசிகளின் ஆயுள் இதைவிட மிகவும் குறைவு. எனவே பழைய ஊசியைத் தேய்ந்ததாகவே கொண்டு மாற்றிவிடுதல் நன்று. கருவியைச் சோதிப்பதற்கு அரிய தட்டைப் பயன்படுத்துதல் கூடாது. முன்னரே கீறல் விழுந்த பொதுவான தட்டு ஒன்றே போதும்.

மின்னணுப் பகுதி: நீண்ட காலம் ஓடாத கருவியில் மின்வழங்கல் பகுதியின் மின்பகுபொருள் மின்தேக்கிகள் வலுவிழந்திருக்கலாம். வேக நகர்த்தியும் பொத்தான்களும் அழுக்கேறியிருக்கலாம். முன்னதை மின்னணுப் பழுது பார்ப்பவர் மாற்றித் தர இயலும். பின்னதற்குப் பெரும்பாலும் தொடுமுனைத் துப்புரவுத் திரவமே போதும்.

அமைத்தல்

அமைக்கும் பணிக்கு ரசமட்டம், சிறு திருப்புளி, ஊசி அழுத்தத்தை அளக்கும் சிறு தராசு, கார்ட்ரிட்ஜை நேர்ப்படுத்தும் அச்சிட்ட அளவுத்தாள் ஆகியவை தேவை. பணிகளை வரிசை மாறாமல் செய்ய வேண்டும்.

1. இடம்: தமிழகத்து வீடுகளின் கற்காரைத் தரையில் காலடி அதிர்வு குறைவு. ஆனால் ஒலிபெருக்கிகளை அதே மேசையில் வைத்தால் அவற்றின் அதிர்வு ஊசியை அடைந்து இரைச்சலாக மாறும். தனி மேசையோ, சுவரில் பதித்த கடப்பைக் கல் பலகையோ ஏற்றது. சன்னலோரம் தவிர்க்கப்பட வேண்டும்.

2. மட்டம்: ரசமட்டத்தைச் சுழல்தட்டின் மேல் இரு திசைகளில் வைத்து, கால்களைத் திருகி மட்டம் பார்க்க வேண்டும்.

3. கார்ட்ரிட்ஜ்: ஊசி தட்டின் மேல் ஒரு வில்போல நகர்கிறது. தட்டை வெட்டிய கருவியோ நேர்கோட்டில் நகர்ந்தது. இவ்வேறுபாட்டால் எழும் திரிபைக் குறைக்கவே கார்ட்ரிட்ஜ் நேர்ப்படுத்தப்படுகிறது. பரவலாகப் பயன்படும் பேர்வால்ட் முறையில், தட்டின் மையத்திலிருந்து 66.0 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் ஊசி பள்ளத்துக்குச் சரியான தொடுகோட்டில் அமையும். எஸ்எல்-1200எம்கே2 கருவிக்கு, ஹெட்ஷெல்லின் இணைப்பு விளிம்பிலிருந்து ஊசி முனை வரை 52 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது உற்பத்தியாளர் தந்த அளவு.

4. ஊசி அழுத்தம்: பக்க இழுவையை ஈடுசெய்யும் ஆன்டி ஸ்கேட்டிங் திருகியைச் சுழியில் வைத்து, ஊசிக்கை மேலும் கீழும் சாயாமல் காற்றில் மிதக்கும்வரை பின்புற எதிர்எடையைத் திருக வேண்டும். பின்னர் எதிர்எடையின் அளவு வளையத்தை மட்டும் சுழியில் நிறுத்தி, கார்ட்ரிட்ஜுக்கு உரிய அளவு வரும்வரை எதிர்எடையைத் திருக வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜுக்கு 1.8 கிராமும், ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 2.0 கிராமும் பரிந்துரைக்கப்படுகின்றன. இறுதி அளவைத் தராசில் சரிபார்த்தல் நன்று. அழுத்தம் குறைந்தால் தட்டு பிழைக்கும் என்பது தவறான எண்ணம். போதிய அழுத்தமற்ற ஊசி உரத்த ஒலிகளில் பள்ளத்தை விட்டுத் துள்ளி, அதன் சுவரை இடித்துச் சேதப்படுத்தும்.

5. ஆன்டி ஸ்கேட்டிங்: முதலில் ஊசி அழுத்தத்தின் அதே எண்ணில் வைக்கப்படுகிறது.

6. உயரமும் சாய்வும்: ஊசி தட்டில் இருக்கும்போது பக்கவாட்டில் பார்த்தால் ஊசிக்கை தட்டுக்கு இணையாகவும், முன்புறம் பார்த்தால் கார்ட்ரிட்ஜ் செங்குத்தாகவும் இருக்க வேண்டும்.

7. இணைப்பு: கார்ட்ரிட்ஜின் வெளியீடு சில மில்லிவோல்ட்டுகளே. தட்டு வெட்டப்படும்போது தாழ்ந்த ஒலிகள் குறைக்கப்பட்டும் உயர்ந்த ஒலிகள் கூட்டப்பட்டும் பதியப்படுகின்றன. 1950களின் நடுப்பகுதி முதல் இதற்கு ஆர்ஐஏஏ வளைவு என்னும் பொது அளவு பின்பற்றப்படுகிறது. இவ்விரண்டையும் ஈடுசெய்ய போனோ முன்பெருக்கி தேவை. அது இன்றிப் பொது உள்ளீட்டில் இணைத்தால் ஒலி மெலிந்தும் கீச்சென்றும் கேட்கும். சுழலியின் எர்த் கம்பியைப் பெருக்கியின் எர்த் திருகில் இணைக்காவிட்டால் தொடர்ந்த உறுமல் கேட்கும்.

மேம்படுத்தல்

நல்ல நிலையிலுள்ள நேரடி இயக்கச் சுழலியில் மின்னோடி கடைசியாகக் கவலைப்பட வேண்டிய பகுதி. செலவுக்கேற்ற பயன் தரும் வரிசை பொதுவாகப் பின்வருமாறு அமையும்.

முதலாவது, ஊசியும் கார்ட்ரிட்ஜும். உருண்டை முனை ஊசியிலிருந்து நீள்வட்ட முனை ஊசிக்கு மாறினால், தட்டின் உட்பகுதிப் பள்ளங்களில் திரிபு குறைவது தெளிவாகத் தெரியும். 33⅓ வேகத்தில் வெளிப்பள்ளம் ஊசியின் கீழ் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஓட, உட்பள்ளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டரே ஓடுகிறது. அதே ஒலி அங்கு நெருக்கிப் பதியப்பட்டிருப்பதால் ஊசி முனையின் நுண்மை அங்கு மிகவும் தேவைப்படுகிறது. உற்பத்தி நின்றுபோன பழைய கார்ட்ரிட்ஜுகளுக்கு ஜப்பானின் ஜிகோ நிறுவனம் மாற்று ஊசிகளை உற்பத்தி செய்கிறது.

இரண்டாவது, போனோ முன்பெருக்கி. நகரும் காந்த வகைக் கார்ட்ரிட்ஜுகளுக்கு 47 கிலோ ஓம் உள்ளீடு உரியது. டெனான் டிஎல்-103 போன்ற நகரும் சுருள் வகைகளின் வெளியீடு மிகக் குறைவு என்பதால் கூடுதல் பெருக்கம் தேவை.

மூன்றாவது, இறுகிப்போன இரப்பர் விரிப்பு, கால்கள், இணைப்பு வடங்கள் ஆகியன. நான்காவதாகவே மின்வழங்கலைக் கருவிக்கு வெளியே அமைத்தல், ஊசிக்கையின் உட்கம்பிகளை மாற்றுதல் போன்ற பணிகள் வருகின்றன. உட்கம்பிகள் மயிரிழை போன்றவை. பற்றவைப்பில் பழக்கம் இல்லாதவர் இதில் இறங்கினால் நல்ல ஊசிக்கை கெட்டுவிடக்கூடும்.

சுருதியும் வேகமும்

கருநாடக இசை கேட்போருக்கு வேகத்தின் துல்லியம் சுருதியின் துல்லியமே ஆகும். வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு மாறினால் சுருதி ஓர் அரைச்சுரம் மாறும். பாடகர் ஒருவரின் கட்டையைத் தட்டைக் கேட்டு அறிய முயல்வோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். 78 எனக் குறிக்கப்பட்ட பழைய தட்டுகள் பல துல்லியமாக அவ்வேகத்தில் பதியப்பட்டவை அல்ல. ஆகவே வேக நகர்த்தி நடன அரங்குக்கு மட்டுமன்றிப் பழைய தட்டுகளை ஆராய்வோருக்கும் பயன்படுகிறது.

எஸ்எல்-1200எம்கே2 கருவியில் 33⅓, 45 ஆகிய வேகங்களே உண்டு. 78 தட்டுகளுக்கு அவ்வேகமுடைய கருவியும் தனி ஊசியும் தேவை. நெடுநேரத் தட்டுக்குரிய ஊசி முனையின் ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரோமீட்டர். 78 தட்டுக்கு உரியது ஏறத்தாழ 65 முதல் 75 மைக்ரோமீட்டர். சிறிய ஊசி அகன்ற பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலை மட்டும் எழுப்பும். பெரிய ஊசியோ நெடுநேரத் தட்டைப் பாழாக்கும்.

கடலோரப் பராமரிப்பு

கோட்டக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் ஈரப்பதமும் முதன்மையான பகைகளாகும். ஹெட்ஷெல்லின் நான்கு தொடுமுனைகளும், ஒலி வடத்தின் செருகிகளும் கறுத்து ஒரு பக்க ஒலி அற்றுப்போதல் பொதுவான பழுது. இவற்றை அவ்வப்போது துடைத்தால் பல வேளைகளில் பழுது நீங்கும். சுழல்தட்டின் காந்தம் இரும்புத் துகள்களை ஈர்க்கும் என்பதால், கழற்றிய சுழல்தட்டை மணல் படிந்த தரையில் வைத்தல் கூடாது. அச்சுத்தாங்கிக்கு உற்பத்தியாளர் குறித்த எண்ணெயை மட்டும் சில சொட்டுகள் இட வேண்டும்; தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் முதலியவை ஏற்றவை அல்ல.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தட்டுகளில் பூஞ்சணம் பிடிப்பதுண்டு. வினைல் தட்டுகளைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் கலந்து, நடுவிலுள்ள தாள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே துடைக்கலாம். வினைலுக்குப் பயன்படும் ஆல்ககால் கலந்த துப்புரவுத் திரவங்களை 78 தட்டுகளில் ஒருபோதும் பயன்படுத்துதல் கூடாது. அவை அரக்கால் ஆனவை. ஆல்ககாலில் அரக்கு கரையும். தட்டுகளை நிமிர்த்தி வைக்க வேண்டும். அடுக்கிப் படுக்க வைத்தாலும் வெயில் படும் இடத்தில் வைத்தாலும் வளைந்துவிடும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் மிகக் கனமழை பெய்து குடியிருப்புகளில் நீர் புகுந்தது. இத்தகைய வேளைகளில் நனைந்த சுழலியை உடனே இயக்கிப் பார்த்தல் கூடாது. நன்னீரால் துடைத்து, முழுவதும் உலர்த்தி, மின்பகுதியைச் சோதித்த பின்னரே இணைக்க வேண்டும். நனைந்த தட்டுகளை உறையிலிருந்து உடனே பிரித்துவிட வேண்டும். உலர்ந்த பின் தாள் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

தமிழ் இசைத்தட்டுகளும் ஆவணப்படுத்தலும்

தமிழில் ஒலிப்பதிவு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொடங்கிவிட்டது. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள், என். சி. வசந்தகோகிலம், நாதசுர வித்துவான் டி. என். ராஜரத்தினம் பிள்ளை ஆகியோரின் இசை 78 தட்டுகளில் வெளிவந்தது. 1933 இல் மறைந்த கிட்டப்பாவின் குரலை இன்று கேட்க அத்தட்டுகளே மூலமாக உள்ளன. பிற்காலத்தில் எம். எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் 1963 இல் நெடுநேரத் தட்டாக வந்து பரவலாக அறியப்பட்டது. நாகூர் ஈ. எம். அனிபாவின் பாடல்களும் தட்டுகளில் வெளிவந்தவையே.

இவற்றுள் புகழ்பெற்றவை ஒலிநாடாவிலும் குறுந்தட்டிலும் மறுபதிப்புப் பெற்றன. ஊர்ப்புறப் பாடகர்கள், நாடகத் தட்டுகள், நகைச்சுவைத் தட்டுகள், சமயப் பாடல்கள் எனப் பலவும் அவ்வாறு மறுபதிப்புப் பெறவில்லை. அவற்றுக்கு எஞ்சியிருக்கும் தட்டே மூலப்படியாகவும் அமையக்கூடும். மும்பையில் இயங்கும் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம், பிரித்தானிய நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ், ஒடியன் நிறுவனத்தின் 78 தட்டுகளை எண்ணிம வடிவில் பாதுகாத்துள்ளது. சென்னையில் ஒடியன் தட்டுகளின் விற்பனையில் ஏ. வி. மெய்யப்பனும் பங்குதாரர்களும் நடத்திய சரசுவதி ஸ்டோர்ஸ் முதன்மையானதாக இருந்தது.

வீட்டில் அரிய தட்டை வைத்திருப்போரும் நன்கு அமைத்த சுழலி கொண்டு இதனைச் செய்ய இயலும். தட்டைத் துடைத்து, புதிய ஊசியால், இயன்றவரை ஒரே முறை ஓட்டிப் பதிவு செய்வது வழக்கம். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் 24 பிட் பதிவையும், 48 கிலோ ஏர்ட்சுக்குக் குறையாத, விரும்பத்தக்கதாக 96 கிலோ ஏர்ட்சு மாதிரி வீதத்தையும் பரிந்துரைக்கிறது. ஒற்றைத்தட ஒலி கொண்ட பழைய தட்டுகளில், பதிவுக்குப் பின் இரு தடங்களையும் இணைத்தால் பள்ளத்தின் செங்குத்து அசைவால் எழும் இரைச்சல் பெருமளவு நீங்கும். தட்டின் எண், நிறுவனம், பாடியவர், ஓட்டிய வேகம், பயன்படுத்திய ஊசியின் அளவு ஆகியவற்றைக் கோப்புடன் குறித்து வைத்தல் வேண்டும். இரைச்சல் நீக்கிய படியுடன், எவ்விதத் திருத்தமும் செய்யாத முதற்படியும் தனியே பாதுகாக்கப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

இசைத்தட்டு
கிராமபோன்
ஒலிப்பதிவு
சுருதி
கோட்டக்குப்பம்